நாத்தனார் குழியும் நேர் ரோடும்

எங்கள் பெரியம்மா அன்று எந்த ரோட்டில் பஸ் ஓட்டிவிட்டு வந்திருக்கிறாள் என்பதை, வீட்டு கேட் சத்தத்திலேயே நானும் அம்மாவும் சொல்லிவிடுவோம். குவாரி ரோடு என்றால் கேட் திறக்கும், மூடாது. மூட வேண்டும் என்பதே அவளுக்கு நினைவிருக்காது. செருப்போடு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்டால் பதில் வராது. இன்னொரு முறை கேட்டாலும் வராது. ஒருமுறை பஸ் சாவியை ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுநாள் காலை என்னைத் திருடி என்றாள். மண்டையில் இடமில்லாதவளிடம் எதுவும் கேட்காதே, நாளைக்குக் கேள் என்பது அம்மா எனக்குச் சொல்லியிருந்த விதி.

பைபாஸ் என்றால் கேட் சுவர் அதிர மூடும். அன்று அவள் மண்டையில் நிறைய இடம் இருக்கும், அந்த இடம் முழுக்க நாங்கள் இருப்போம். வாளி ஏன் குறுக்கே கிடக்கிறது, ஃபேன் யாருக்காக ஓடுகிறது, பள்ளி முடித்த பெண் ஏன் எட்டாவது படிக்கிறவளைப் போல் கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா தையல் மிஷினை வேகமாக மிதித்து அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்வாள். எனக்கு ஒளிய இடமில்லை. வீட்டில் மட்டுமா, பஸ்ஸிலும் அவளோடுதான் போக வேண்டும். பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் அவள்.

அவள் வண்டி ஓட்டக் கற்றதே கோபத்தில்தான். வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு லாரி இருந்தது. கணவர் குடித்துவிட்டுப் படுத்துக்கிடந்த ஒரு நாள், சரக்கு போய்ச் சேர வேண்டியிருந்தது. நான் எடுக்கட்டுமா என்று இவள் கேட்டதற்கு, பொம்பளை ஏறி உட்கார்ந்தால் லாரி வெட்கப்பட்டு நின்றுவிடும் என்று கொழுந்தன் சிரித்தானாம். நாத்தனார் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாளாம். பெரியம்மா ஏறி உட்கார்ந்தாள். முதல் கியரில் அந்த வீட்டின் முன்சுவரை இடித்தாள், பிறகு பின்னால் எடுத்து ரோட்டுக்குப் போனாள். அந்தக் கதையை அவள் எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பாள். “சுவத்த அவங்க கட்டிக்கிட்டாங்க. நான் லைசென்ஸ் எடுத்துக்கிட்டேன்.”

அந்த வீட்டை விட்டு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர்களில் ஒருவரைக்கூட அவள் மன்னிக்கவில்லை. மன்னித்திருந்தால் அவளால் குவாரி ரோட்டில் பஸ் ஓட்டியிருக்க முடியாது என்று இப்போது நினைக்கிறேன். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் புரியும்.

குவாரி ரோட்டில் தார் என்பது குழிகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் பொருள். ஜல்லி ஏற்றிய லாரிகள் எதிரே வந்துகொண்டே இருக்கும். வெயில் காலத்தில் புழுதி, மழைக் காலத்தில் சேறு. வெயிலில் குழி கண்ணுக்குத் தெரியும். மழையில் எல்லாக் குழியிலும் தண்ணீர் நிரம்பி, முழங்கால் ஆழமும் விரல் ஆழமும் ஒன்றுபோல் மின்னும். எது எது என்று நினைவில் வைத்திருந்தால்தான் தப்பிக்க முடியும். பெரியம்மா ஒவ்வொரு குழிக்கும் தன் புகுந்த வீட்டு ஆள் ஒருவரின் உறவுமுறையைச் சூட்டியிருந்தாள்.

மாமனார் அகலமானவர், ஆழமில்லாதவர். மெதுவாக மேலேயே ஏறிப் போய்விடலாம். கொழுந்தன் நிலையில்லாதவன், ஒவ்வொரு மழைக்கும் ஓரடி நகர்ந்து கிடப்பான். ஓரகத்தி பாலத்துக்குப் பக்கத்தில் நைசாக ஒதுங்கியிருப்பாள். எல்லோரையும் விட மோசம் எடைமேடை வளைவில் இருந்த நாத்தனார். பார்க்கத் தட்டுபோல் இருக்கும், உள்ளே ஒரு கூர்மையான கல் விளிம்பு. கணவருக்கு மட்டும் குழி இல்லை. ஏன் என்று பஸ்ஸில் யாரோ கேட்டதற்கு, அந்த ஆளுக்கு ஆழம் ஏது, அவர் மேலே பறக்கும் புழுதி என்றாள்.

குழி வருவதற்கு முன்பே அவள் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். “வாடியம்மா நாத்தனாரே, குளிச்சு மினுக்கிட்டு உக்காந்திருக்கியா? இரு, உன் மூஞ்சில முழிக்காமலே போறேன்.” திட்டு வாயில் இருக்கும்போதே கை வளைத்திருக்கும். பஸ்ஸில் இருப்பவர்களும் அதைக் கேட்டுத்தான் கம்பியைப் பிடிப்பார்கள். ஓரகத்தி பெயர் வந்தால் இடப்பக்கம் இருப்பவர்கள் பிடிப்பார்கள், மாமனார் என்றால் யாரும் பிடிக்க மாட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாள் பயந்துபோய் இறங்குவார்கள். வெல்டிங் பிரிவில் ஓர் அண்ணன் இருந்தார், எல்லோரும் வெல்டர் என்றே கூப்பிடுவோம். அவர் புதியவர்களிடம், கவலைப்படாதே, அக்கா ரோட்டைத்தான் திட்டுகிறார், உன் முறை பிறகு வரும் என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் பைபாஸ் திறந்தது. கொஞ்ச காலம் இரண்டு பஸ் ஓடியது. குவாரி ரோட்டில் பெரியம்மா, பைபாஸில் மீசை. மீசை என்பது இன்னொரு டிரைவரின் பட்டப்பெயர். அவ்வப்போது இருவரையும் மாற்றி விடுவார்கள். பிறகு கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. இனி எல்லோரும் பைபாஸ் வழியாகவே போகலாம், ஒரு பெரிய புது பஸ் போதும், ஒரு டிரைவர் போதும். மற்றவர் யார்டில் வண்டி கழுவலாம்.

யார் அந்த ஒருவர் என்று முடிவு செய்யப் போக்குவரத்துப் பிரிவின் அதிகாரி ஒரு கருவி கொண்டுவந்தார். நாங்கள் அவரை டிரான்ஸ்போர்ட் சார் என்போம். பெண்கள் அவசரத்தில் பதறிவிடுவார்கள் என்று அவர் ஒருமுறை சொன்னது பெரியம்மாவின் காதுக்கு வந்திருந்ததால், அவர்கள் இருவருக்கும் நல்ல உறவு இல்லை. ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, இடதுகை விரலில் கட்டிய ஒரு பட்டன். விளக்கு எப்போது எரியும் என்று தெரியாது, எரிந்த உடனே அழுத்த வேண்டும். மூளையில் வேலை அதிகமானால் விரல் தாமதமாகும், இல்லை மறந்துவிடும். டிரைவர் மூளையில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று இதில் தெரிந்துவிடும் என்றார் சார்.

“என் மூளை மொத்தமும் காலிதான் சார்” என்றார் மீசை.

“அது ஊருக்கே தெரியும். அதுக்கு எதுக்கு விளக்கு?” என்றாள் பெரியம்மா.

இரண்டு ரோட்டிலும் இருவரையும் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். மீசை பைபாஸில் நன்றாக அழுத்தினார், குவாரி ரோட்டில் பாதிக்கு மேல் கோட்டைவிட்டார். பெரியம்மா பைபாஸில் தவறவிட்டாள். விளக்கு எரிந்தபோதெல்லாம் அவள் பின்னால் திரும்பி, ஜன்னல் கதவைப் பற்றி யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே குவாரி ரோட்டில் அவள் ஒன்றைக்கூட விடக்கூடாது. விட்டால் யார்டு. அந்தச் சோதனை நாள் காலை வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவள் தாடை இறுகியிருந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது.

சார் முன் சீட்டில் கருவியோடு உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால். விளக்கு எரிந்தது, அழுத்தினாள். லாரி ஒன்று சேற்றை வாரிக் கண்ணாடியில் அடித்தது, வைப்பர் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு எரிந்தது, அழுத்தினாள். சார் தலையை ஆட்டிக்கொண்டார். பஸ்ஸில் ஏதோ குறைகிறது என்று எனக்குத் தோன்றியது, என்ன என்று பிடிபடவில்லை. வெல்டர்தான் என் காதருகே குனிந்து சொன்னார். “என்னம்மா, அக்கா இன்னைக்கு யாரையுமே கூப்பிடல?”

அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். பெரியம்மாவின் உதடு ஒட்டிக்கிடந்தது. கண் ரோட்டுக்கும் விளக்குக்கும் போய்ப்போய் வந்தது. ஓரகத்தியை உரசிக்கொண்டு போனோம், யாரும் கம்பியைப் பிடிக்கவில்லை. எடைமேடை வளைவு வந்தது. பஸ் நேராக நாத்தனாருக்குள் இறங்கியது.

வெல்டரின் நெற்றி கம்பியில் மோதியது. சாருடைய நெற்றியும் மோதி, மூக்குக் கண்ணாடி பறந்தது. பின் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் பட்டை உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பஸ் ஒருபக்கம் சாய்ந்து நின்ற அந்த நொடியில் விளக்கு எரிந்தது. பெரியம்மா அதையும் அழுத்தினாள்.

அதன் பிறகு மெதுவாக, “நாத்தனார்” என்றாள். திட்டுகிற குரல் இல்லை. எங்கோ வழியில் பார்க்கக் கூடாதவளைப் பார்த்துவிட்ட குரல்.

நெற்றியில் எலுமிச்சையளவு வீக்கத்தோடு சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மேலிடம் கருவியை மட்டும் பார்த்தது. கடினமான ரோட்டில், மழையில், ஒரு விளக்கைக்கூட விடாத டிரைவர். பட்டை உடைந்ததற்கு மழைதான் காரணம் என்று ஆனது. புது பஸ் பெரியம்மாவுக்கு, தண்ணீர்க் குழாய் மீசைக்கு.

அன்று வீட்டில் அம்மா சந்தோஷப்பட்டாள். பெரியம்மா சந்தோஷப்படவில்லை. “நான் அவளைப் பாக்கவே இல்லடி. எத்தனை வருஷமா தெனம் பாக்குறேன். அந்த விளக்கு என் வாயைப் புடுங்கிக்கிச்சு” என்றாள். அம்மா சிரித்துவிட்டாள். அதற்காக அன்று அவளுக்கும் திட்டு விழுந்தது.

புது பஸ்ஸில் மெத்தை வைத்த டிரைவர் சீட் இருந்தது. பைபாஸ் இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது. நடுவில் ஒரே உயரத்தில் வெட்டிய செடி, பக்கத்தில் ஒரே மாதிரி கம்பம், தூரத்தில் வளைவே இல்லாமல் வானத்தில் முட்டும் கோடு. குழி இல்லை, எதிரே லாரி இல்லை, திட்ட ஓர் ஆள் இல்லை. முதல் வாரம் அவள் எங்களைத் திட்டினாள். பை எங்கே வைத்தாய், ஏன் சிரிக்கிறாய், ஜன்னலுக்கு வெளியே அப்படி என்ன தெரிகிறது. யாரோ போய்ச் சாரிடம் புகார் சொன்னார்கள். டிரைவர் பயணிகளிடம் பேசக் கூடாது என்று ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு பலகை வந்தது. பெரியம்மா வாயை மூடினாள்.

அடுத்த வாரம் ஒரு காலை, பஸ் தொழிற்சாலை கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பாதிப்பேர் தூக்கம். கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி பின்னால் போவதை வெல்டர்தான் பார்த்தார். “அக்கா, கம்பெனி போயிருச்சு” என்றார். அவள் திரும்பவில்லை. எழுந்துபோய்த் தோளருகே நின்று கத்தினார். அதன் பிறகுதான் அவள் தலையை உலுக்கிக்கொண்டாள். வண்டி சரியான வேகத்தில், சரியான தடத்தில் போய்க்கொண்டிருந்தது. கண் திறந்தே இருந்தது. திரும்பி வர வழி வெகுதூரம் தள்ளி இருந்ததால் நாங்கள் எல்லோரும் அன்று தாமதம். இன்னொரு முறை இப்படி நடந்தால் சாவி மீசைக்குப் போகும் என்று சார் கேட்டிலேயே நின்று சொன்னார். மீசை பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு, கழுவிய வண்டியையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

வீட்டில் நான் கேட்டேன், தூங்கிவிட்டீர்களா என்று. அறைவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துச் சொன்னாள். “தூங்கல. எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பாத்தது எதுவும் உள்ள வரல.”

அதற்கு வழி கண்டுபிடித்தவர் வெல்டர். அவருக்குப் பெரியம்மாமேல் பாசம் எதுவும் கிடையாது. நெற்றியில் தழும்பு வேறு. ஆனால் மீசை வந்தால் வழியெல்லாம் புகையிலை துப்புவார், அது காற்றில் பின்ஜன்னல் வழியாக வெல்டரின் சீட்டுக்குத்தான் வரும். பலகை டிரைவரைத்தானே பேசக் கூடாது என்கிறது, நாம் டிரைவரைத் திட்டக் கூடாது என்று எங்கே இருக்கிறது என்றார். தினமும் ஒருவர் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து சண்டையைத் தொடங்க வேண்டும். பதில் சொல்வது அவள் பாடு. சாப்பாட்டு நேரத்தில் ஆள் தீர்மானமாகிவிடும். நாளைக்குச் சண்டை யார் என்று கேட்டுக்கொள்வது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

எல்லோருக்கும் சண்டை வரவில்லை. கணக்குப் பிரிவுத் தம்பி ஒருவன், உங்கள் சட்டை நிறம் சரியில்லை என்றான். பெரியம்மா கண்ணாடியில் அவனை ஒருமுறை பார்த்ததோடு சரி. பெயின்ட் பிரிவு அக்கா, பஸ் இடதுபக்கமாக இழுக்கிறது, ஓட்டத் தெரியாதவர் கையில் கொடுத்தால் இப்படித்தான் என்றாள். அன்று கேட் வரைக்கும் அனல் பறந்தது, வண்டி கோடு கிழித்ததுபோல் போனது. நாங்கள் வேண்டுமென்றே செய்கிறோம் என்று பெரியம்மாவுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் மட்டும் தானாகச் சொல்லிக்கொள்வாள், இன்றைக்கு வந்தவள் சுமார், நேற்று வந்தவள் பரவாயில்லை என்று.

என் முறையை நான் தள்ளிக்கொண்டே போனேன். வீட்டில் நடப்பதே எனக்குப் போதும். கடைசியில் வெல்டர் விடவில்லை. “கூட இருக்குறவ குத்துனாதாம்மா வலிக்கும், போ” என்று அனுப்பினார்.

அது விடுமுறைக்கு மறுநாள். வெயில் காலையிலேயே ஏறிவிட்டது, தூரத்தில் தார் தண்ணீர்போல் நெளிந்தது. பஸ் முழுக்கத் தலைகள் தொங்கிக்கொண்டிருந்தன, வெல்டரின் தலையும். நான் வாளியில் தொடங்கினேன். குறுக்கே வைத்தது நான் இல்லை, நீங்கள்தான் என்றேன். “ம்” என்றாள். ஃபேனைப் பற்றிச் சொன்னேன். “ம்.” அவள் வாங்கிவரும் சோப்பு எருமைக்குப் போடுவது என்றேன். அதற்கும் “ம்” தான். கண்ணாடியில் அவள் கண் தெரிந்தது. அது இமைத்தது, ஆனால் நகரவில்லை. மேம்பாலம் வந்து பின்னால் போனது. மேம்பாலத்துக்குப் பிறகு கேட்டுக்கு அதிக தூரமில்லை. சாவி மீசையிடம் போவதை நினைத்தேன். யார்டில் குழாய் பிடித்து நிற்கும் பெரியம்மாவை நினைத்தேன். அவள் யாரைத் திட்டுவாள்?

யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். “நான் இந்த மாசத்தோட கம்பெனிய விட்டுப் போறேன்.”

“ம்.”

“துறைமுகத்துல கிரேன் ஓட்டக் கத்துக் குடுக்குறாங்க. எடம் கெடச்சிருச்சு. அம்மாகிட்ட சொல்லல. உங்ககிட்டயும் சொல்றதா இல்ல.”

கண்ணாடியில் இருந்த கண் நகர்ந்து என்மேல் வந்தது. “யாரக் கேட்டுடி?”

“யாரையும் கேக்கல. நீங்க யாரக் கேட்டு லாரிய எடுத்தீங்க?”

அவள் தொடங்கினாள். “அடியே நாத்தனாரே” என்றாள். அவளிடம் அதற்கு மேல் ஒரு பட்டம் கிடையாது. கூடவே இருந்து சோற்றைத் தின்றுகொண்டு உள்ளே கல்லை வைத்திருந்தவள் நான். மினுக்கிக்கொண்டு கிடந்தவள். அம்மா தைத்துத் தைத்து முதுகு வளைந்ததைப் பார்க்காதவள். கிரேன் மேலே ஏறினால் தலை சுற்றி எவன் தலையில் விழப்போகிறேனோ. நானும் விடவில்லை. வீட்டில் மூச்சுவிட இடமில்லை என்றேன், அவள் மண்டை நிறைந்தாலும் காலியானாலும் அடி எங்களுக்குத்தான் என்றேன். அது வேண்டுமென்றே சொன்னதில்லை, உண்மையாகவே வந்துவிட்டது. பின்னால் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. அவள் திட்டிக்கொண்டே கண்ணாடி பார்த்தாள், திட்டிக்கொண்டே இண்டிகேட்டர் போட்டாள், கியரைக் குறைத்தாள். சக்கரம் கேட்டுக்குள் திரும்பியபோது வாக்கியம்கூட உடையவில்லை. மீசை குழாயோடு ஒதுங்கி வழிவிட்டார்.

பஸ் நின்றது. எல்லோரும் எங்கள் இருவரையும் பார்க்காமல் வேகமாக இறங்கினார்கள். நான் கடைசியாக எழுந்தேன்.

“எந்த ரோட்டுல போகணும் அந்த ஊருக்கு?” என்றாள். முகம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

“பைபாஸ்தான். கடைசி வரைக்கும் நேரா.”

அவள் என்ஜினை அணைத்துச் சாவியை உருவினாள்.

“அப்ப அந்த பஸ்ல டிரைவருக்குப் பின்னாடி உக்காரு. பல்ல இளிச்சிட்டு நல்லதாப் பேசிட்டுப் போகாத.”